லிப்டிமக்ஸில் கட்டளை முடிந்ததை உறுதியாக அறிவது எப்படி?

கேள்வி:
இரவில் ஓடும் பில்ட் (மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும்) வேலைகளைப் பைத்தானிலிருந்து, லிப்டிமக்ஸ் என்ற நூலகம் வழியாக, ஒரே டெர்மினலில் பல ஷெல்களை இயக்க உதவும் டிமக்ஸ் நிரலின் ஒரு செஷனில் இயக்குகிறேன். கட்டளையை அனுப்பும் சென்ட்_கீஸ் அழைத்த கையோடு, திரையில் உள்ளதைப் படிக்கும் கேப்சர்_பேன் அழைத்தால் வெறும் பிராம்ப்ட்தான் கிடைக்கிறது. நடுவில் ஸ்லீப் வைத்தாலும், பில்ட் நீளும் நாளில் பாதி வெளியீடே வருகிறது. சரியான வழி என்ன?

மறுமொழி 1:
சென்ட்_கீஸ், பேனில் (டிமக்ஸ் சாளரத்தின் ஒரு பகுதியில்) எழுத்துகளைத் தட்டிவிட்டு உடனே திரும்பிவிடும். உள்ளே இருக்கும் ஷெல் அவற்றை வைத்து என்ன செய்கிறது என்பதை டிமக்ஸ் பார்ப்பதில்லை. ஆகவே ஸ்லீப்பை எவ்வளவு கூட்டினாலும் அது ஊகமே. டிமக்ஸிலேயே, ஒரு பெயருக்குச் சைகை வரும்வரை காத்திருக்கும் வெயிட்-ஃபார் என்ற கட்டளை இருக்கிறது; -எஸ் (பெரிய எழுத்து S) சேர்த்தால் அதுவே சைகையை அனுப்பும். அனுப்பும் வரியின் இறுதியில் அரைப்புள்ளி இட்டு, ‘டிமக்ஸ் வெயிட்-ஃபார் -எஸ் பில்ட்முடிந்தது’ என்று சேர்த்துவிடுங்கள். பைத்தான் பக்கத்தில் சர்வர்.சிஎம்டி மூலம் அதே பெயருக்கு, -எஸ் இல்லாமல், வெயிட்-ஃபார் அழையுங்கள். காத்திருக்கத் தொடங்கும் முன்பே சைகை வந்துவிட்டாலும் டிமக்ஸ் அதை நினைவில் வைத்துக்கொள்வதால், எது முந்தும் என்ற கவலை வேண்டாம். அரைப்புள்ளிக்குப் பதிலாக && இட்டால், பில்ட் தோற்றபோது சைகையே வராமல் ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, காத்திருப்பு சரியாகிவிட்டது. ஆனால் நீண்ட பில்டின் தொடக்க வரிகள் வருவதில்லை. பில்ட் வென்றதா தோற்றதா என்பதைக் காட்டும் வெளியேறும் எண்ணையும் பெற வேண்டும்.

மறுமொழி 2:
கேப்சர்_பேன் இயல்பாகத் திரையில் தெரியும் பகுதியை மட்டுமே தரும். ஸ்டார்ட் மதிப்பாக ஒற்றைக் கோட்டைக் (-) கொடுத்தால் வரலாற்றின் தொடக்கத்திலிருந்து வரும். எனினும் வரலாற்று வரம்பு இயல்பாக 2000 வரிகளே என்பதால், பெரிய பில்டுக்கு அதை நம்புவதைவிட பைப்-பேன் கட்டளை மூலம் பேனின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதவைப்பதே நல்லது. வெளியேறும் எண்ணுக்கு, பில்ட் முடிந்ததும் சைகைக்கு முன்பாக, ஷெல் அந்த எண்ணை வைத்திருக்கும் $? மதிப்பை ஒரு கோப்பில் எழுதுங்கள். பேனை வரிசை எண்ணால் குறிக்காமல் % எனத் தொடங்கும் அடையாளத்தால் குறியுங்கள்; யாரேனும் செஷனில் இணைந்து பேன்களை இடம் மாற்றினாலும் அது மாறாது.

மறுமொழி 3:
வெயிட்-ஃபாருக்குக் கால வரம்பு கிடையாது. பேனை ஒருவர் மூடிவிட்டால் ஸ்கிரிப்ட் முடிவின்றிக் காத்திருக்கும். எனவே அந்த ஒரு அழைப்பை மட்டும், வேறு நிரல்களை இயக்கும் பைத்தானின் சப்பிராசஸ்.ரன் மூலம், டைம்அவுட் (கால வரம்பு) வைத்துச் செய்யுங்கள். லிப்டிமக்ஸும் அடியில் டிமக்ஸ் நிரலைத்தான் இயக்குகிறது என்பதால் இதில் எந்த இழப்பும் இல்லை. பில்டை யாரும் இணைந்து பார்க்கப்போவதில்லை என்றால், டிமக்ஸை விட்டுவிட்டு பில்டையே சப்பிராசஸில் இயக்குமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். வெளியீடும் வெளியேறும் எண்ணும் நேராகக் கைக்கு வரும்.