மலைக்கு வந்ததும் புகைய ஆரம்பித்த மெஷின்

மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் தேயிலை வெட்டும் மெஷின் வாங்கினேன், டூ ஸ்ட்ரோக் பெட்ரோல். அங்கே ஓட்டிக் காட்டினப்போ கச்சிதமாக ஓடியது. குன்னூருக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வைத்து இழுத்தால் ஒரே புகை, கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடும். போன் செய்தால் கீழே கொண்டு வாங்க என்கிறார்கள். பர்லியார் வழியாக அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கணுமாம்!

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், ஐடிஐ முடித்துத் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டு வாசலிலேயே ஷெட் போட்டிருக்கிறார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், கரி அப்பியிருந்தது. "மெஷின்ல ஒண்ணுமில்லண்ணா, கீழ இருக்கிற காத்துக்கு செட் பண்ணி அனுப்பிட்டாங்க." குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் மட்டும் அதே அளவு போனால் முழுசாக எரியாமல் புகையத்தான் செய்யும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்து, சத்தத்தைக் கேட்டுக் கேட்டே சரிசெய்தார். 300 ரூபாய் வாங்கினார், பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை.

ஷெட் நிறைய புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் ரம்பம், மருந்தடிக்கும் பம்பு. பாதி மெஷின், பெட்ரோலை டேங்கிலேயே மாசக்கணக்கில் விட்டு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்து வருகிறதாம். கொழுந்து நிறைய வரும் மாதங்களில் நாலு நாள் தள்ளினால் இலை முற்றிவிடும், ஃபேக்டரியில் விலையும் குறையும், அதனால் அன்றைக்கே சரிசெய்து தருகிறவரைத்தான் எல்லாரும் தேடிப் போகிறார்கள். பனிக்காலத்தில் கீசர் வேலை. தொழில் தேடும் பசங்க ஊரை விட்டு இறங்கும் முன் இவர் ஷெட்டில் ஒரு நாள் உட்காரலாம்.

*

இந்தப் பதிவுக்குக் கீழே வந்த ஒரு பதில்: நான் கோத்தகிரி. என் நாத்தனார் தையல்காரி, கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றி விசாரித்தார்: பயிற்சிக்கு நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய்க்கு வவுச்சர், முதல் கடன் 5% வட்டியில் 1 லட்சம் வரை என்று அறிவித்திருந்தார்கள், ஆனால் தமிழ்நாடு அரசு 2024-ல் அதை அப்படியே ஏற்க மறுத்துவிட்டது. அந்தத் திட்டத்தில் உள்ள 18 தொழில்களிலும் எஞ்சின் மெக்கானிக் இல்லை, மெக்கானிக் தம்பி அதை நம்பி அலைய வேண்டாம். ஊட்டியில் மாவட்டத் தொழில் மையத்தில் வேறு கடன் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கண்ணா. அப்புறம், அவர் எங்க பக்கம் வருவாரா? ரெண்டு ஸ்ப்ரேயர் கிடக்கிறது.