வீட்டு வாழ்த்துக்கு அலங்காரம், கடைக் கடிதத்துக்கு வெறும் வெள்ளை: அவுட்லுக்கில் முடியுமா?

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மணமேடை அலங்காரக் கடை நடத்துகிறோம். விண்டோஸ் 11, கிளாசிக் அவுட்லுக்.

தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்குக் கரும்பச்சைக் கோலப் பின்னணியும் வெள்ளை எழுத்தும் வைத்தோம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, எடுக்க மனமில்லை. ஆனால் அன்றிலிருந்து கடையின் விலைப்பட்டியலும் அதே கோலத்தில் போகிறது. சில வாடிக்கையாளர்களின் கைப்பேசியில் பின்னணி வருவதில்லை; வெள்ளையில் வெள்ளை எழுத்து, படம் மட்டும் தனி இணைப்பாக. கல்யாண வேலையில் இருப்பவர்களை விலை தேட விடுவது நியாயமில்லை.

‘ஸ்டேஷனரி அண்ட் ஃபான்ட்ஸ்’ பகுதியில் தேடினேன். கையொப்பத்தைக் கணக்குவாரியாக மாற்றலாம், பின்னணியை முடியவில்லை. பிளெய்ன் டெக்ஸ்டில் (அலங்காரமில்லாத வெறும் எழுத்தாக) அனுப்பினால் விலை அட்டவணை கலைந்துவிடுகிறது.

கடைக் கணக்கிலிருந்து போகும் மின்னஞ்சலுக்கு மட்டும் பின்னணி தானாகவே வராமலிருக்க என்ன செய்யலாம்?