கொல்லைப்புற வாய்க்கால் எங்கே போனது? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

செம்மண்டலத்துக்காரி:

கடலூர் செம்மண்டலம் பக்கம் பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். 2024 டிசம்பர் முதல் வாரம், ஃபெஞ்சல் புயல் மழையில், எங்கள் குறுக்குத் தெருவில் ஐந்து நாள் முழங்கால் தண்ணீர். பெண்ணையாறு ஏறி வந்த ஊர்களைப் பார்த்தால் எங்கள் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு ஆறு வரவில்லை, வந்தது வெறும் மழைத் தண்ணீர். அது ஏன் ஐந்து நாள் நிற்கிறது என்பதுதான் மனசைக் குடைந்தது. 2011-ல் 'தானே' புயலில் மரங்கள் சாய்ந்தன, தண்ணீர் நிற்கவில்லை. 2015 மழையில் நின்றது, மறுநாள் வடிந்தது. இப்போது ஐந்து நாள்.

தெருவில் பதினோரு பேர் சேர்ந்து ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "மழை அதிகம்மா, மோட்டார் அனுப்புறோம்" என்றார்கள். மோட்டாரும் வந்தது. இறைத்த தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே இருப்பவர்கள் எங்களோடு சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தானே.

எங்கள் நகரில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு எழுதிய மனுவை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "தண்ணி நிக்குதுன்னு எழுதினா மோட்டார்தான்மா வரும். எந்த சர்வே நம்பர்ல எது அடைஞ்சிருக்குன்னு எழுதுங்க" என்றார். பட்டா பார்க்கும் இணையதளத்தில் எஃப்எம்பி என்கிற புலப்படத்தை, அதாவது ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் உள்ள அளவுப் படத்தை, எடுத்துத் தந்தார். எங்கள் மனைகளின் பின்பக்கம் இரண்டு கோடுகள் போயின. எந்த நம்பர் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் அந்த நம்பருக்கு நேரே "வாய்க்கால்" என்று இருந்தது. பதினெட்டு வருஷமாக அதைக் 'கொல்லைப்புறம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்து அளந்தோம். கடைசி மனையின் தகரக் கொட்டகை வாய்க்கால் மேல். ஐந்து வீடுகளின் மதில் வாய்க்காலுக்குள். அதில் ஒன்று எங்கள் வீடு. 2012-ல் கட்டிய செப்டிக் டேங்க் முழுக்க வாய்க்கால் மேலேயே இருந்தது. அப்போது கொத்தனார் கயிறு கட்டிய இடத்தில் சரி என்றோம், படம் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடினோம். "அத்தனை வருஷமா யாரும் கேக்கல, இப்ப நீங்க ஏன் கிளப்பறீங்க அக்கா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சத்தம் போட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் கோபம் வந்திருக்கும். "எங்க டேங்கை முதல்ல எடுத்துடறோம்" என்றேன். வீட்டுக்காரரிடம்கூடக் கேட்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். இடித்து, முன்பக்கம் புது டேங்க் கட்டியதில் அந்த வருஷச் சீட்டுப் பணம் போயிற்று. எங்களைப் பார்த்து இரண்டு வீட்டார் மதிலை உள்ளே இழுத்தார்கள். மற்ற இரண்டு வீடும் கொட்டகையும் அப்படியே நிற்கின்றன. நாங்கள் டேப் பிடித்த கணக்கு செல்லாது. பணம் கட்டி முறைப்படி அளக்கக் கேட்டிருக்கிறோம்.

போன மழையில் ஒன்றரை நாளில் வடிந்தது.

ரெயின்போ நகர் வாசி, புதுச்சேரி:

சகோதரி, படித்ததும் உடனே எழுதத் தோன்றியது. அதே ஃபெஞ்சலில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை எங்கள் ஊரில். எங்கள் பகுதி தாழ்வு, கட்டிலில் உட்கார்ந்து விடிய வைத்தோம். உங்களுக்காவது ஒரு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்தது. 2011-ல் பதவிக் காலம் முடிந்தது, பிறகு கவுன்சிலர்களே இல்லை. பெரிய வாய்க்கால் ஒரு துறை, தெருவோரச் சாக்கடை இன்னொரு துறை என்று மூன்று கட்டடம் ஏறி இறங்கினோம். இப்போது புரட்டாசி பிறந்ததும் வாய்க்காலை வாரம் ஒருமுறை படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் தருகிறோம். போன முறை தூர் வாராமலே வாரியதாகச் சொன்னபோது அந்தப் படங்கள்தான் எங்களுக்காகப் பேசின.

வாடகை வீடு, திருப்பாதிரிப்புலியூர்:

நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நகர் நலச்சங்கக் கூட்டத்துக்கு எங்களை யாரும் கூப்பிடறதே இல்ல. கீழ் வீட்டுல குடியிருக்கறது நாங்க. ஓனர் சென்னையில. பிள்ளைங்க புத்தகம், அரிசி, ஃபிரிட்ஜ் எல்லாம் நனைஞ்சது எங்களுது. ஒரு கூட்டத்துல நானே போய் நின்னேன். "நீங்க சொந்தக்காரர் இல்லியேம்மா"ன்னாங்க. "தண்ணிக்குள்ள நின்னவ நான்தாங்க சார்"னு சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து நாற்காலி போட்டுக் கொடுத்தாரு. இப்ப எங்க தெருவுல வாடகைக்காரங்க நாலு பேர் போறோம்.

வண்டிப்பாளையம்:

வாய்க்கால் மட்டுமில்லை, பூங்கா இடத்தையும் பாருங்கள். இப்போதுள்ள விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குத் தர வேண்டும். எங்கள் நகர் பழையது. அதனால் அன்று அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். 30 நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை, மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. 'பூங்கா' என்று எழுதியிருந்த இடத்தில் மனை எண் போட்டு விற்கப் பார்த்திருக்கிறார்கள். நகலைக் காட்டியதும் வாங்க வந்தவர் முன்பணம் தராமல் திரும்பிப் போய்விட்டார்.

தாழங்குடா:

எல்லாரும் உங்க தண்ணி வடிஞ்சதைச் சொல்றீங்க. வடிஞ்சு எங்க வருதுன்னு யாரும் சொல்லலையே. 2024 டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலேர்ந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தாங்க. அது பெண்ணையாறு வழியா எங்க முகத்துவாரத்துக்குத்தான் வந்துச்சு. படகைக் காப்பாத்தறதா, பாட்டியைத் தூக்கறதான்னு நின்னோம். ஆத்து வெள்ளமும் தெருத் தண்ணியும் ஒண்ணில்லதான், தெரியும். ஆனா வாய்க்காலைத் திறக்கறவங்க அதோட வாய் எங்க முடியுதுன்னும் பார்க்கணும்.

செம்மண்டலத்துக்காரி:

தாழங்குடா அண்ணன் கேட்டது சுருக்கென்று தைத்தது. எங்கள் நகர் எல்லையோடு படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நேற்று சர்வேயர் ஐயாவிடம் அடுத்தடுத்த புலப்படங்களையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, வாய்க்கால் போகும் வழியே கடைசி வரை நடக்கப் போகிறோம். அண்ணன், உங்கள் ஊரிலிருந்தும் இரண்டு பேர் வாங்க. திருப்பாதிரிப்புலியூர் தங்கச்சி, நீயும் வா.