கேம்பர் அடுப்பு மங்கலாக எரிகிறதா? பர்னரைக் கழற்றாதீர்கள்

கேள்வி: கனடாவில் எங்களுக்கு முதல் கோடை. சமையலும் படுக்கையும் உள்ள சுற்றுலா வண்டி, பழைய கேம்பர் ஒன்று வாங்கினோம். சிலிண்டரில் கேஸ் நிறைய இருக்கிறது, ஆனால் மூன்று அடுப்பும் அகல்விளக்கு மாதிரி எரிகின்றன. தோசைக்கல் காயவே மாட்டேன் என்கிறது. பர்னரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. மூன்றும் ஒன்றாக மங்கினால் குறை பெரும்பாலும் பர்னரில் இருக்காது. ஊரில் ரெகுலேட்டர் குமிழைத் திருப்பினால் வேலை முடிந்தது. இங்கே சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்தால், குழாய் எங்கோ அறுந்து வாயு கொட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு, இணைப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு அடைப்பான் வாயு வரும் அளவைச் சுருக்கிவிடும். அல்கோன்குயின் பூங்காவில் ஓர் இரவு நாங்கள் வெறும் பிரெட் தின்றது இதனால்தான்.

அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து சிலிண்டரை மூடுங்கள். பிளாஸ்டிக் திருகு உள்ள இணைப்பு என்றால் கழற்றி மறுபடி கையாலேயே இறுக்குங்கள், ஸ்பானர் வேண்டாம். சில நிமிடம் கழித்து வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறவுங்கள். குழாயில் காற்று இருப்பதால் பற்ற நேரமாகும். கழற்றி மாட்டிய இடத்தில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் மங்கலாக இருந்தால் ரெகுலேட்டர்மேல்தான் சந்தேகம். அதிலிருந்து 11 அங்குல நீர் அழுத்தம் (வாயு அழுத்தத்தை அளக்கும் அலகு) வர வேண்டும். அதை அளப்பது உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் வேலை, நாமே திருகிப் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக எரிந்தால் குழலுக்குள் சிலந்தி வலை இருக்கலாம். குளிர்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் இது சகஜம். மெல்லிய பிரஷ் போதும். நம் வழக்கப்படி வாயு வெளிவரும் ஜெட் துளையில் ஊக்கைவிட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, மஞ்சள் இன்னும் கூடும்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லாரும் வெளியேறுங்கள், சிலிண்டரை வெளியிலிருந்து மூடுங்கள். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கசிவு அலாரம் கீழே பொருத்தியிருப்பதும் அதற்காகத்தான். இன்னொன்று, குளிருகிறது என்று அடுப்பை ஹீட்டராக எரியவிட்டுத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

கேள்வி: அண்ணா, திறந்த விதம்தான் தப்பு. இப்போது நீலமாக எரிகிறது! சிலிண்டர் கொஞ்சம் துருப்பிடித்திருக்கிறது, பரவாயில்லையா?

பதில்: கழுத்து வளையத்தில் அடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 10 ஆண்டு தாண்டியிருந்தால் நிரப்பித் தர மாட்டார்கள்.