அவசர உதவி: பில்லிங் சாஃப்ட்வேரை மூடித் திறந்தால் பில் எல்லாம் காணோம்

பைப்கடை_மருமகன் | காலை 10.12
எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் ஹார்டுவேர் கடைக்குப் பைத்தானில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. கடை கம்ப்யூட்டரில் பில் போட்டால் பிரிண்ட் வருகிறது, லிஸ்டிலும் தெரிகிறது. மூடிவிட்டு மறுபடி திறந்தால் போட்ட பில் ஒன்றும் இல்லை. எரர் எதுவும் வரவில்லை. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்கு போக வேண்டும், ஆடிட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கோடில் தப்பு இருக்க வழியில்லை, லேப்டாப்பில் சரியாக வருகிறதே. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

வரிக்குவரி | 10.19
கமிட், அதாவது டேட்டாபேஸில் எழுதியதை நிரந்தரமாக்கும் கட்டளை, விட்டுப்போயிருக்கும். இன்செர்ட் செய்த பிறகு கனெக்‌ஷனில் கமிட் கொடுக்காவிட்டால், அதே கனெக்‌ஷன் திறந்திருக்கும் வரை லிஸ்டில் தெரியும். மூடியதும் போய்விடும். புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் விழுகிற குழி இது. சேவ் பட்டனின் ஃபங்ஷனைப் பாருங்கள்.

தென்காசித்தென்றல் | 10.23
எந்த டேட்டாபேஸ்? விண்டோ, பட்டன் எல்லாம் டிகிண்டரிலா, பைக்யூட்டியிலா? கடையில் பைத்தான் போட்டிருக்கிறீர்களா, இல்லை பைத்தான் இல்லாமலே ஓடும் இஎக்ஸ்இ ஃபைலாக ஆக்கிக் கொடுத்தீர்களா? எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறது? விண்டோஸ் 7ஆ, 10ஆ? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

காவல்காரன் | 10.31
ஆன்டிவைரஸை ஆஃப் செய்து பாருங்கள் நண்பரே. வீட்டில் எழுதின இஎக்ஸ்இ என்றாலே அதற்குச் சந்தேகம். ஃபைலைத் தொடவிடாது, சொல்லவும் சொல்லாது.

மூலநிரல் | 10.40
தம்பி, நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். டேட்டாபேஸ் பெயர் இல்லை, இஎக்ஸ்இ ஆக்கிய விதம் இல்லை, கோடில் ஒரு வரி இல்லை. "என் லேப்டாப்பில் ஓடுகிறது" என்பது தகவல் ஆகாது. கடை கம்ப்யூட்டருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் கேள்வியே. பத்து வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடிப்படையைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

பைப்கடை_மருமகன் | 10.58
மன்னிக்கவும், கடையில் நின்று போனில் எழுதுகிறேன், கோட் வீட்டில் இருக்கிறது. விண்டோ டிகிண்டர், டேட்டாபேஸ் எஸ்க்யூலைட். பைஇன்ஸ்டாலரில் இஎக்ஸ்இ ஆக்கினேன். கடையில் விண்டோஸ் 10. கமிட் இருக்கிறது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், மாற்றமில்லை.

வரிக்குவரி | 11.04
கமிட் இருந்தால் மட்டும் போதாது, எந்தக் கனெக்‌ஷனில் இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பட்டனிலும் புதுக் கனெக்‌ஷன் திறந்தால், இன்செர்ட் ஒன்றிலும் கமிட் வேறொன்றிலும் போயிருக்கலாம். வித் பிளாக்குக்குள் எழுதினால் கமிட் தானாக நடக்கும். ஆனால் அது கனெக்‌ஷனை மூடாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தென்காசித்தென்றல் | 11.09
வரிக்குவரி, கமிட் கோளாறு என்றால் லேப்டாப்பிலும் மூடித் திறந்ததும் டேட்டா போயிருக்க வேண்டுமே. இரண்டு இடத்திலும் ஒரே கோட்தான்.

எனக்கென்னவோ புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர் மேல்தான் சந்தேகம். அங்கே சாதாரண யூசரால் எழுத முடியாது. விண்டோஸ் விஸ்டாவில் இருந்து, அங்கே எழுதப் போகும் பழைய புரோகிராம்களை யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குச் சத்தமில்லாமல் திருப்பிவிடுவார்கள். டேட்டா அங்கே உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

மூலநிரல் | 11.17
வெர்ச்சுவல்ஸ்டோர் 32 பிட் புரோகிராம்களுக்கு மட்டும்தான். அதிலும் மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியில் ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாதவைக்கு. பைஇன்ஸ்டாலர் இஎக்ஸ்இயில் மேனிஃபெஸ்ட் உண்டு. எழுத அனுமதி இல்லையென்றால் டேட்டாபேஸ் ரீட்ஒன்லி என்று எஸ்க்யூலைட் எரர் கொடுத்திருக்கும். அவர்தான் எரரே இல்லை என்கிறாரே.

சாளரம் | 11.20
ஷார்ட்கட்டைப் பாருங்கள். ஃபைல் பெயரை மட்டும் கொடுத்துக் கனெக்ட் செய்திருந்தால், அப்போது எந்த ஃபோல்டரில் இருந்து ஓடுகிறதோ அந்த வொர்க்கிங் டைரக்டரியில்தான் அது தேடும். ஃபைல் அங்கே இல்லாவிட்டால் எஸ்க்யூலைட் கேள்வி கேட்காமல் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஒருநாள் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் திறந்து, மறுநாள் ஃபோல்டருக்குள் போய்த் திறந்தால் இரண்டு டேட்டாபேஸ் ஆகிவிடும்.

மின்மினி | 11.26
எல்லோரும் பதிலைச் சொல்லிவிட்டோம், யாரும் சரியாகக் கேட்கவில்லை. மருமகன், மூன்று கேள்வி:
ஒன்று, ஒன்ஃபைல் போட்டு ஒரே இஎக்ஸ்இயாக ஆக்கினீர்களா, ஃபோல்டராகவா?
இரண்டு, டேட்டாபேஸ் ஃபைலின் பாதையைக் கோடில் எப்படி எடுக்கிறீர்கள்?
மூன்று, மறுபடி திறக்கும்போது லிஸ்ட் சுத்தமாகக் காலியா, ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவதைத் திரையைப் பார்த்துச் சொல்லுங்கள், ஞாபகத்தில் இருந்து வேண்டாம்.

பைப்கடை_மருமகன் | 11.41
ஒன்ஃபைல்தான். பென்டிரைவில் ஒரே ஃபைலாகக் கொண்டுவர வசதியாக இருந்தது.
லோகோ படம் இஎக்ஸ்இயில் வராமல் படுத்தியது. அதற்கு நெட்டில் ரிசோர்ஸ் பாத் என்று ஒரு ஃபங்ஷன் கிடைத்தது, எடுத்துப் போட்டேன், லோகோ வந்துவிட்டது. டேட்டாபேஸுக்கும் அதையே போட்டேன்.
லிஸ்ட் காலி இல்லை. நான் வீட்டில் சோதனைக்குப் போட்ட பில்கள் இருக்கின்றன. "டெஸ்ட் பைப் அரை இஞ்ச்", "டெஸ்ட் எல்போ", "அஆஇஈ". டெலீட் செய்தாலும் மறுநாள் வந்துவிடுகின்றன. அதைத் தனிக் கோளாறு என்று நினைத்தேன்.

மின்மினி | 11.44
இப்போது சாஃப்ட்வேர் கடையில் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் மூடாதீர்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள், விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விபி_வாத்தியார் | 11.47
இதற்குத்தான் டெஸ்க்டாப்புக்குப் பைத்தான் வேண்டாம் என்கிறேன். 1998இல் விபி6 (விஷுவல் பேசிக்) வந்தது. ஒரு ஃபார்ம், ஒரு எம்டிபி டேட்டாபேஸ் ஃபைல், செட்டப் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது சி ஷார்ப்பில் வின்ஃபார்ம்ஸ் இருக்கிறது. பட்டனை இழுத்து வைத்தால் போதும்.

சாளரம் | 11.52
ஐயா, அந்த எம்டிபியையும் எல்லோரும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான் வைத்தார்கள். விஸ்டா வந்ததும் எத்தனை கடையில் அது படுத்துக்கொண்டது என்று உங்களுக்கே தெரியும். டேட்டாவை எங்கே வைப்பது என்று யோசிக்காவிட்டால் எந்த மொழியிலும் இதே கதைதான்.

விபி_வாத்தியார் | 11.55
என் வாடிக்கையாளர் யாருக்கும் படுக்கவில்லை. டேட்டாவை டி டிரைவில் வைக்கச் சொல்லித்தான் கொடுப்பேன்.

மின்மினி | 12.03
நடப்பது இதுதான். ஒன்ஃபைல் இஎக்ஸ்இ என்பது ஒரு பொட்டலம். திறக்கும் ஒவ்வொரு தடவையும் டெம்ப் ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே இருப்பதை எல்லாம் அங்கே பிரித்து வைத்து அங்கிருந்து ஓடும். மூடும்போது அந்த ஃபோல்டரையே அழித்துவிடும். நீங்கள் எடுத்துப் போட்ட ஃபங்ஷன் அந்தத் தற்காலிக ஃபோல்டரின் பாதையைத்தான் கொடுக்கிறது. லோகோவுக்கு அது சரி, லோகோவில் யாரும் எதுவும் எழுதப் போவதில்லை. டேட்டாபேஸுக்கு ஆகாது. பில் ஒழுங்காகத்தான் சேவ் ஆகிறது, கமிட்டும் ஆகிறது, அப்புறம் ஃபோல்டரோடு போய்விடுகிறது. மறுநாள் திறந்தால், நீங்கள் பொட்டலம் கட்டிய அன்று உள்ளே இருந்த டேட்டாபேஸ் திரும்பவும் பிரிகிறது. அதனால்தான் டெஸ்ட் பைப் செத்துச் செத்துப் பிழைக்கிறது.

லேப்டாப்பில் பைத்தானை நேரடியாக ஓட்டும்போது அதே ஃபங்ஷன் உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரைக் கொடுக்கும். அங்கே எல்லாம் சரியாக இருந்தது அதனால்தான். இஎக்ஸ்இயை லேப்டாப்பில் ஓட்டியிருந்தால் அங்கேயும் காணாமல் போயிருக்கும்.

மூலநிரல் | 12.08
ஒன்ஃபைலை விட்டுவிட்டு ஒன்டிர் போட்டு ஃபோல்டராகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரச்சினை முடிந்தது. ஒன்ஃபைல் திறக்கவும் நேரமாகும்.

மின்மினி | 12.15
முடியாது மூலநிரல். ஃபோல்டராகக் கொடுத்தால், பைஇன்ஸ்டாலர் 6இல் இருந்து பொட்டலத்து ஃபைல்கள் இன்டர்னல் என்ற உள்ஃபோல்டருக்குள் போகின்றன. டேட்டாபேஸ் அங்கே தங்கும், நன்றாக ஓடுவது போலவும் தெரியும். அடுத்த மாதம் இவர் ஒரு பட்டனைச் சேர்த்துப் புது ஃபோல்டரைக் கொண்டுவந்து பழையதன் மேல் போடுவார். அன்றைக்கு மொத்த மாதத்துப் பில்லும் போய், டெஸ்ட் பைப் வந்து உட்காரும். புரோகிராம் ஓர் இடம், டேட்டா வேறோர் இடம் என்று பிரித்தே ஆக வேண்டும்.

புதுக்கணினி | 12.18
எனக்கும் இதே பிரச்சினை. டிகிண்டரில் லேபிளில் படம் போட்டால் வெற்றுக் கட்டம்தான் வருகிறது. எரர் இல்லை. இஎக்ஸ்இ எல்லாம் ஆக்கவில்லை.

மூலநிரல் | 12.20
இது அதே பிரச்சினை இல்லை. தனி இழை தொடங்குங்கள்.

சாளரம் | 12.24
புதுக்கணினி, ஃபோட்டோஇமேஜை ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கியிருப்பீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் கழித்துவிடும். லேபிளோடேயே ஒரு மாறியில் பிடித்து வையுங்கள், படம் வரும்.

மின்மினி | 12.31
மருமகன் பதிலே சொல்லவில்லை. திரும்பி வந்ததும் பார்க்கட்டும் என்று முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் டேட்டாவை மீட்பது. சாஃப்ட்வேர் திறந்திருக்கும்போது விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, இரண்டு பர்சென்ட் குறிகளுக்கு நடுவில் டெம்ப் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். கீழ்க்கோட்டில் தொடங்கி எம், இ, ஐ, அப்புறம் எண்கள் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே உங்கள் டேட்டாபேஸ் இருக்கும். பென்டிரைவில் காப்பி எடுங்கள். அந்த நேரத்தில் பில் எதுவும் போட வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒழுங்காக மூடினால்தான் அந்த ஃபோல்டர் அழியும். கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலோ, டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்திருந்தாலோ ஃபோல்டர் அப்படியே கிடக்கும். கடையில் யூபிஎஸ் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்கு நல்லதுதான். அதே பெயரில் தொடங்கும் பழைய ஃபோல்டர்கள் எத்தனை இருந்தாலும், தேதியோடு எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். டிஸ்க் க்ளீனப் ஓட்டாதீர்கள். வேகத்துக்காக டெம்ப்பை அழிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

காவல்காரன் | 12.36
ரெகுவா என்ற மீட்பு சாஃப்ட்வேர் போட்டு அழிந்ததையும் மீட்கலாமே.

மின்மினி | 12.39
ஹார்டுடிஸ்க் என்றால் ஓரளவு வாய்ப்பு உண்டு, எஸ்எஸ்டி என்றால் கஷ்டம். எதுவானாலும் சி டிரைவில் இப்போது புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யக்கூடாது, மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடும். பென்டிரைவில் இருந்து ஓடும் பதிப்பை வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து கோட். ரிசோர்ஸ் பாத் ஃபங்ஷன் லோகோவுக்கு இருக்கட்டும். டேட்டாபேஸுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் லோக்கல் ஆப்டேட்டா என்விரான்மென்ட் வேரியபிளில் உள்ள பாதையை எடுத்து, அதற்குள் சாஃப்ட்வேர் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அங்கே வையுங்கள். டேபிள் இல்லாவிட்டால் உருவாக்கு என்று ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால் டேட்டாபேஸைப் பொட்டலத்தில் சேர்க்கவே வேண்டாம். டெஸ்ட் பைப்பும் ஒழியும். கடையில் இரண்டு பேர் வேறு வேறு விண்டோஸ் லாகினில் வேலை செய்தால் மட்டும் சொல்லுங்கள், அதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

விபி_வாத்தியார் | 12.44
டி டிரைவில் வைக்கச் சொல்லுங்கள் அம்மா. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். கடைக்காரர் பேக்கப் எடுக்க வேண்டாமா?

மின்மினி | 12.50
அது நியாயம்தான் ஐயா. டி டிரைவ் இருக்கிற கம்ப்யூட்டர் என்றால் அங்கேயே வைக்கலாம். எங்கே வைத்தாலும் விண்டோவின் டைட்டில் பாரில் டேட்டாபேஸின் முழுப் பாதையையும் கொஞ்ச நாளைக்குக் காட்டச் சொல்வேன். முதல் நாளே அதைப் பார்த்திருந்தால், டெம்ப் என்ற வார்த்தை கண்ணில் பட்டிருக்கும்.

மூலநிரல் | 1.05
யாரும் கவனிக்காத ஒன்று. தினமும் பழைய டேட்டாபேஸ் திரும்பி வந்தால் பில் நம்பரும் தினமும் அதே எண்ணில்தான் தொடங்கியிருக்கும். ஒரே நம்பரில் வேறு வேறு வாடிக்கையாளர்களுக்குப் பில் போயிருக்கும். ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் வரிசையாகவும், அந்த நிதியாண்டுக்குள் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமலும் இருக்க வேண்டும். டேட்டா மீண்டாலும் இது மீளாது. ஆடிட்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், 11ஆம் தேதி வரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

சாளரம் | 1.11
நல்லவேளை சொன்னீர்கள். பிரிண்ட் எடுக்கும்போது பிடிஎஃப் ஏதாவது சேவ் ஆகிறதா? ஆகியிருந்தால் அவற்றை வைத்துத் தேதிவாரியாகச் சேர்க்கலாம். மருமகன்?

தென்காசித்தென்றல் | 3.30
ஆள் வந்தாரா?

பைப்கடை_மருமகன் | இரவு 8.47
மின்மினி அக்கா, நீங்கள் சொன்ன இடத்தில் நாலு ஃபோல்டர் கிடைத்தது. மூன்று, கரண்ட் போன நாட்களில் நின்றவை, ஒன்று இன்றையது. காப்பி எடுத்துவிட்டேன். மற்ற நாட்களுக்குப் பிடிஎஃப் இல்லை, மாமா பில் நகலைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார், அதைப் பார்த்து அடிக்கிறேன். மூலநிரல் சார் சொன்னது சரி, எல்லா நாளும் 104இல் தொடங்கியிருக்கிறது. ஆடிட்டர் நாளைக்குக் காலையில் நகலோடு வரச் சொல்லியிருக்கிறார். பாதையை மாற்றியாயிற்று, மூடித் திறந்து பார்த்தேன், பில் நிற்கிறது. லாகின் ஒன்றுதான்.

வரிக்குவரி | 8.53
நாலு டேட்டாபேஸையும் சேர்க்கும்போது பில் எண்ணை மட்டும் பிரைமரி கீயாக (ஒவ்வொரு பில்லின் தனி அடையாளமாக) வைக்காதீர்கள், மோதும். தேதியையும் சேர்த்து வையுங்கள். அப்புறம் கடைசியில் கமிட்.