பேராயர் இல்லாத திருச்சபையில் நிர்வாகச் சீரமைப்பு: 2012 அனுபவம்

பேராயர் இல்லையென்றால் பாப்டிஸ்ட் சபைகளில் யார்தான் முடிவெடுக்கிறார்கள் என்று போன வாரம் ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவருக்காக இதை எழுதுகிறேன். நான் திருநெல்வேலி சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) வளர்ந்தவன். சேகர கமிட்டி, பெருமன்றம், பேராயர் என்று படிப்படியாக மேலே போகும் அமைப்புதான் எனக்குப் பழக்கம். லண்டன் வந்தபிறகு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பாப்டிஸ்ட் சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து உறுப்பினரானேன். அதனால் 2012-இல் பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பான பிரிட்டன் பாப்டிஸ்ட் யூனியன் தன் நிர்வாகத்தையே மாற்றியமைத்ததைச் சாதாரண உறுப்பினராகக் கீழிருந்து பார்க்க முடிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யூனியனில் அப்போது ஏறக்குறைய 2,000 சபைகள் இருந்தன. எந்தச் சபைக்கும் யூனியன் ஆணையிட முடியாது. கிறிஸ்துவின் சட்டங்களைப் பரிசுத்த ஆவியின் வழிநடத்துதலில் புரிந்துகொண்டு நடத்தும் சுதந்திரம் ஒவ்வொரு சபைக்கும் உண்டு என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. யூனியன் 1813-இல் தொடங்கியது. ஆனால் சபைகள் வட்டாரவாரியாகச் சேர்ந்த அசோசியேஷன்கள் 1650-களிலேயே இருந்தன. அதாவது தலைமை அலுவலகத்தைவிட வட்டார அமைப்புதான் மூத்தது. 2002 வாக்கில் அந்த அசோசியேஷன்களை 13 ஆகக் குறைத்து, பழைய சூப்பரின்டென்டென்ட் (மேற்பார்வையாளர்) முறைக்குப் பதிலாக, வட்டாரச் சபைகளுக்குத் துணைநிற்கும் போதகர்களான ரீஜனல் மினிஸ்டர்களை வைத்தார்கள். ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் டிட்காட்டில் தேசிய அலுவலகம் இருந்தது. பத்து வருடத்தில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று ஆகிவிட, 'ஃபியூச்சர்ஸ்' என்ற பெயரில் எல்லாரிடமும் கருத்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் எங்கள் சபைக் கூட்டத்துக்கு ரீஜனல் மினிஸ்டர் வந்திருந்தார். ஒரு வேதவசனம், ஒரு ஜெபம், உடனே அஜெண்டா. விஷயத்தை அவர் விளக்கி முடித்ததும் முன்வரிசையில் இருந்த வயதான டீக்கன் (சபை நிர்வாகப் பொறுப்பாளர்) அம்மா, கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார்: "டிட்காட்டைச் சுருக்குகிறீர்கள், சரி. வசதியில்லாத சபைக்கு ஹோம் மிஷன் பணம் போய்ச் சேருவதை யார் பார்த்துக்கொள்வது?"

எங்கள் ஊரில் ஐயரை, அதாவது போதகரை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது! இங்கே அவர் துளியும் முகம் மாறாமல், அது இன்னும் முடிவாகவில்லை, உங்கள் கருத்தை எழுதித் தாருங்கள், நானே கொண்டுபோகிறேன் என்றார். ஹோம் மிஷன் என்பது சபைகள் மனமுவந்து கொடுக்கும் பொதுநிதி. போதகருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத சபைகள் அதில்தான் நிற்கின்றன. அந்த அம்மா கேட்டதுதான் மொத்தச் சீரமைப்பின் மையக் கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன்.

2012 நவம்பரில் யூனியன் கவுன்சில் முடிவெடுத்தது. டிட்காட்டில் இருந்த துறைகள் சிறிய குழுக்களாயின. பலருக்கு வேலை போனது. அசோசியேஷன்களுக்குப் பொறுப்பு கூடியது. எல்லாத் தரப்பும் சேர்ந்து உட்கார ஒரு வழிகாட்டுக் குழு வந்தது. 2013-இல் பிளாக்பூல் மாநாட்டில் லின் கிரீனைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

பொறுப்பைக் கீழே இறக்கியது சரி என்றே சொல்வேன். சபையை அறிந்தவர்கள்தானே முடிவெடுக்க வேண்டும். ஆனால் வசதியான தெற்கும் மெலிந்த வடக்கும் ஒரே சுமையைத் தூக்க முடியாது. இதைக் கூட்டங்களில் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும்.

*

பதில் (யார்க்‌ஷயரிலிருந்து):

அண்ணா, அந்த மெலிந்த வடக்கில்தான் நாங்கள் இருக்கிறோம். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். ஹோம் மிஷன் உதவிக்கு மனு எழுதும் வேலை என் தலையில். வருகைப் பதிவு, காணிக்கைக் கணக்கு எல்லாவற்றையும் கேட்டார்கள். அப்புறம் அசோசியேஷனிலிருந்து இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்கைவிட அதிக நேரம் கேட்டது, இந்தத் தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான். தபாலில் போய் வரும் மனுவில் இதற்கு இடமே இருந்திருக்காது. ஆனால் அந்த ரீஜனல் மினிஸ்டர் எத்தனை சபைக்கு ஓடுகிறார் என்று பார்த்தால் பாவமாக இருக்கிறது. போதகர் மாற்றம், சபைக்குள் சண்டை, கட்டடப் பிரச்சினை, எல்லாம் அவரிடம்தான். பொறுப்பு கீழே வந்தது, ஆட்கள் கூடவில்லையே.

ஒரு சந்தேகம். கவுன்சில் முடிவெடுத்தபோது உங்கள் சபை ஓட்டுப் போட்டதா?

*

இல்லை தங்கச்சி. கவுன்சிலில் அசோசியேஷன் பிரதிநிதிகளும் கல்லூரிகளின் ஆட்களும் மற்றவர்களும்தான் உட்காருவார்கள். அவர்கள் எடுத்த முடிவு யூனியனின் அலுவலகத்தையும் குழுக்களையும்தான் மாற்றும். எங்கள் சபை யாரைப் போதகராக அழைக்கிறது, காணிக்கையை எப்படிச் செலவிடுகிறது என்பதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. 1887-இல் லண்டனின் புகழ்பெற்ற பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன் உபதேச விஷயத்தில் மனம் கசந்து யூனியனைவிட்டு விலகியபோதும் அவருடைய சபை அவருடைய சபையாகவே நடந்தது.

எங்கள் கையில் இருந்தது ஹோம் மிஷனுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான். அடுத்த வருடாந்தரக் கூட்டத்தில் அந்த டீக்கன் அம்மாவே எழுந்து தொகையைக் கூட்டச் சொன்னார். கை தூக்கி ஓட்டெடுத்தோம், தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணமும் நியாயம்தான்: ஹாலில் பாய்லர் மாற்ற வேண்டியிருந்தது.