பழைய மடக்குக் கத்தியை மறுபடி சட்டைப்பைக்குக் கொண்டுவந்த அனுபவங்கள்

உடைந்து கிடந்த மடக்குக் கத்தியைச் சரிசெய்து தினமும் பயன்படுத்துகிறவர்கள் இங்கே எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

என் கைக்கு வந்தது இரண்டு அலகுள்ள கத்தி. பெரிய அலகின் முனை முறிந்திருந்தது. திருகாணி கழற்றவோ மூடி நெம்பவோ யாரோ பயன்படுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலான முனைகள் அப்படித்தான் போகின்றன. சின்ன அலகு துருவில் இறுகி, திறக்கவே இல்லை. பிடி எலும்பு, உள்ளே பித்தளைத் தகடு, அதில் பச்சைக் களிம்பு. ஆனால் பெரிய அலகை மூடும்போது ‘டக்’ என்று உள்ளே இழுத்தது. பழைய கத்தியில் நான் முதலில் பார்ப்பது இந்த இழுப்பைத்தான். முனையைத் திரும்ப எடுக்கலாம், பிடியை மாற்றலாம். ஆனால் அந்த இழுப்பைத் தரும் முதுகு ஸ்பிரிங் முறிந்திருந்தால் முழுவதும் பிரித்து, புதிதாக ஒன்றை அறுத்து, பதம் ஏற்றி, ரிவெட் அடிக்க வேண்டும். அது வேறு அளவிலான வேலை.

இறுகிய அலகை இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள், அலகைத் திறக்க நகம் வைக்கும் நகக்குழியின் ஓரம் பெயர்ந்துவிடும். மூட்டில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, இம்மியளவு அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டால் போதும். கறுப்புக் குழம்பாகத் துரு வழியும். அது தெளிவாக வரும்வரை பொறுமையாகத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

துருவுக்கு வினிகரில் ஊறப்போடச் சொல்பவர்கள் உண்டு. கழற்றிய அலகுக்கு அது சரி, நேரம் பார்த்து எடுத்துவிட்டால். பிடியோடு போடக் கூடாது. எலும்பின் சுண்ணாம்பை அமிலம் கரைத்துவிடும். நான் மிக மெல்லிய 0000 எஃகுக் கம்பளியும் எண்ணெயும் மட்டும் பயன்படுத்தினேன். சிவப்புத் துரு போனதும் நிறுத்திவிட்டேன். அதன் அடியில் இருக்கும் சாம்பல் கறுப்புக் கறை கார்பன் எஃகுக்குக் கொஞ்சம் காவல். அதையும் சுரண்டிக் கண்ணாடிபோல மின்னவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எழுத்து முத்திரையும் பழைய சாணைத் தடமும் அதோடு போய்விடுகின்றன, கத்தியும் மெலிந்துவிடுகிறது.

இப்போது முனை. இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புது முனையை எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து, வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, நோக்கி இறக்க வேண்டும். மூடிய கத்தியில் வாய் பிடியின் ஆழத்தில் கிடக்கும், முதுகுதான் வெளியே தெரியும். முதுகைச் சரித்தால் புது முனையும் ஆழத்திலேயே ஒளிந்துகொள்ளும். வாய்ப் பக்கம் தேய்த்தால் முனை மேலே ஏறி, மூடிய பிறகும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சட்டைப்பையில் கையை விட்டால் குத்தும். வாயின் நீளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடிதம் பிரிக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ அதுவே தாராளம்.

மின் சாணை வேண்டாம், அரமும் உப்புத்தாளும் போதும் என்பேன். நேரம் ஆகும், ஆனால் பதம் போகாது. சாதாரண கார்பன் எஃகைச் சூடாக்கினால் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ நெருங்கும்போது நீலம். முனையில் நீலம் வந்துவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மெல்லிய முனை கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தச் சூட்டுக்குப் போய்விடும். மின் சாணைதான் வழி என்றால் கையுறை போடாமல் வெறும் விரலால் அலகைப் பிடியுங்கள், சூடு தெரிந்த உடனே தண்ணீரில் முக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்காதீர்கள்.

முனை அப்போதும் துளி நீட்டிக்கொண்டிருந்தால், அலகின் அடியில் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் தீட்டப்படாத சின்ன மேடு ஒன்று இருக்கும். அதை அரத்தால் ஓரிரு இழுப்பு தேய்த்தால் அலகு ஆழமாக இறங்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் மூடிப் பாருங்கள். அளவு மீறினால் வாய் ஸ்பிரிங்கில் இடித்து மழுங்கும், அந்த மேட்டைத் திரும்ப வளர்க்க முடியாது.

தீட்டியது 1000 எண் கல்லில், பிறகு அதைவிட நுண்ணிய 3000, கடைசியில் தோல் வார். கோணம் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி வைத்தேன். தினசரிக் கத்திக்கு அதைவிடச் சாய்வாக வைத்தால் வாய் சீக்கிரம் மடங்குகிறது.

——

அருமையான விளக்கம். என் கத்தியின் கதை பிடியில் ஆரம்பித்தது. ஆமை ஓடுபோல அழகான பழுப்புப் பிடி. அலகைச் சுத்தம் செய்து எண்ணெய் பூசி வைப்பேன், சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி துரு. பெட்டியில் பக்கத்திலிருந்த நல்ல கத்திக்கும் பரவியது. கடைசியில்தான் தெரிந்தது, பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக். அது முதுமையில் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கக்குகிறது, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிறது. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை. பிடியைக் கழற்றி, துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிய மைகார்ட்டா போட்டேன், துரு நின்றது. செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அதைத் தேய்க்கும்போது அருகில் நெருப்பு, தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது. புளித்த நெடியோ மெல்லிய வெடிப்போ தெரிந்தால் முதலில் மற்ற கத்திகளிலிருந்து அதைப் பிரித்து வையுங்கள்.

——

என்னுடையது ஓப்பினெல் 8 என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தி, மரப்பிடி, கார்பன் அலகு. நனைந்து கிடந்ததால் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. சூடுகாட்டாமல் நிழலில் காயவிட்டேன், தானே இளகியது. பிறகு பிளவின் உட்பக்கத்தை உப்புத்தாளால் லேசாக உரசி, ஆளி விதை எண்ணெய் ஏற்றினேன். இப்போது மழைக்காலத்திலும் திறக்கிறது. பூட்டு வளையம் மட்டும் தளர்ந்திருந்தது, கழற்றி லேசாக நெருக்கியதும் பிடித்துக்கொண்டது.

ஒரு கேள்வி. இன்னொரு கத்தியில் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

——

ரிவெட் போட்ட கத்திதானே? ஒரு பக்க ரிவெட் தலையை இரும்புப் பட்டடையில் வைத்து, மறுபக்கத் தலையைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் எலும்புப் பிடி பிளக்கும். சில தட்டுக்கு ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். ஆட்டம் நின்று, அலகும் இழுவையில்லாமல் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூட்டுக்கு மினரல் ஆயில் ஒரு சொட்டு. பழம் நறுக்கவும் அதே கத்தி என்றால் சாப்பாட்டோடு உள்ளே போனாலும் கெடுதலில்லாத தரத்தில் வாங்குங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாக இறுகி மூட்டை மறுபடி ஒட்டவைக்கும்.